மழையைக் கணக்கில் எடுத்த விண்ணப்பம்: சிங்கப்பூரில் துணைக்கோளத் தொடர்பு ஆய்வுக்கு அரசு நிதி பெறும் வழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா உணவங்காடியில் என் அக்கா மகன் 42 பக்கத் தாள்கட்டு ஒன்றை என் முன் வைத்தான். அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, சிறிய கப்பல்களில் பொருத்தக்கூடிய தட்டையான துணைக்கோள ஆன்டெனா ஒன்றை உருவாக்கிவருகிறார்கள். அதற்கு அரசு நிதி கேட்கும் விண்ணப்பம் அது. உலகச் சந்தையின் அளவு, போட்டி நிறுவனங்களின் பட்டியல், ஐந்தாண்டு வருமானக் கணிப்பு, வண்ண வரைபடங்கள் என எல்லாம் இருந்தன.

“மழை பெய்தால் என்னப்பா ஆகும்?” என்று கேட்டேன்.

“சிக்னல் கொஞ்சம் குறையும் மாமா.”

“எவ்வளவு குறையும்?”

பதில் இல்லை. அந்த 42 பக்கங்களில் அந்த எண் எங்கும் இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்யும் ஊரில், மழையில் பலவீனமாகும் அலைவரிசையை நம்பி ஒரு கருவி செய்கிறார்கள். விண்ணப்பத்தில் மழை இல்லை.

வானொலி அலைத் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்து, நிறுவனத்தின் சார்பில் சில விண்ணப்பங்களை எழுதியும் திருத்தியும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை முழுமையாக எழுதுகிறேன். அளந்து காட்டக்கூடிய அடுத்த படி எது என்று சொல்லத் தெரிந்தவருக்கே இந்த நிதி கிடைக்கிறது. நல்ல தொழில்நுட்பம் கையில் இருந்தும் அதைச் சொல்லத் தெரியாமல் நம் பிள்ளைகள் திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

முதல் படி: கேட்பது எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘துணைக்கோளத் தொடர்பை மேம்படுத்துவோம்’ என்பது ஆசை. ‘18 மாதத்தில், 20 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆன்டெனாவின் கதிர்க்கற்றையை, அசையும் தளத்தில் வைத்து, துணைக்கோளத்தை விட்டு விலகாமல் பிடித்துக் காட்டுவோம்’ என்பது திட்டம். மதிப்பீட்டாளர் முதல் பக்கத்தில் தேடுவது இரண்டாவதைத்தான்.

தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை ஒன்று முதல் ஒன்பது வரையான நிலைகளில் குறிப்பது வழக்கம். நாசாவில் பிறந்த அளவுகோல் அது. கொள்கை அளவில் சரி என்றால் ஒன்று. உண்மையான சூழலில் ஓடி நிரூபிக்கப்பட்டது என்றால் ஒன்பது. நீங்கள் இப்போது எந்த எண்ணில் இருக்கிறீர்கள், பணம் தீரும்போது எந்த எண்ணில் நிற்பீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். ஆய்வுக்கூட மேசையில் ஓடும் முன்மாதிரியை ஆறு என்று எழுதிவிடாதீர்கள். படிப்பவர்கள் இதே வேலையைச் செய்தவர்கள். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பின் உங்களுடைய மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

திட்டத்தின் எல்லையை எப்படிக் குறுக்குவது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விலாக்ஸ்-2 சிறு துணைக்கோளம் 2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது சிங்கப்பூர் நிறுவனமான ஆட்வேல்யூவின் கருவியைச் சுமந்து சென்றது. தாழ்வான பாதையில் சுற்றும் சிறு துணைக்கோளம் தரை நிலையத்தின் பார்வையில் இல்லாதபோதும், மேலே நிலையாக நிற்கும் பெரிய துணைக்கோளத்தின் வழியாகப் பேச முடியுமா என்பதே கேள்வி. 2023 ஏப்ரல் 22 அன்று டெலியோஸ்-2 துணைக்கோளத்துடன் ஏவப்பட்ட லூமிலைட்-4 எனும் சிறு துணைக்கோளம் சுமார் 16 கிலோ எடைதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும், அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் தகவல்தொடர்பு ஆய்வுக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய அது, கப்பல்களோடு வி.எச்.எஃப். அலைவரிசையில் தரவு பரிமாறுவதைச் சோதிக்கப் போனது. இரண்டிலும் கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் விண்ணப்பத்திலும் அப்படி ஒன்று இருக்கட்டும்.

இரண்டாம் படி: சரியான கதவைத் தட்டுங்கள்

சிங்கப்பூரில் இதற்கென ஒரே ஒரு நிதி இல்லை. யார் கேட்கிறார், எந்த முதிர்ச்சி நிலையில் கேட்கிறார் என்பதைப் பொறுத்துக் கதவு மாறும்.

ஆழமான ஆய்வு என்றால் விண்வெளித் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டம். பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் கீழ் 2013-ல் தொடங்கப்பட்ட ஓஸ்டின் எனும் விண்வெளித் தொழில்நுட்ப, தொழில்துறை அலுவலகம் வழியாக, 2022-ல் 150 மில்லியன் வெள்ளியுடன் (சிங்கப்பூர் டாலர்) அது அறிவிக்கப்பட்டது. 2025-ல் மேலும் 60 மில்லியன் வெள்ளி சேர்ந்தது. விமானத்துறை, கடல்துறை, நீடித்த நிலைத்தன்மை ஆகியவற்றுக்கு விண்வெளித் திறன் பயன்பட வேண்டும் என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட நோக்கம். கப்பல் ஆன்டெனா செய்கிறவர் இந்த வரியைத் தவறவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கதவு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். தலைப்புடனும் கடைசித் தேதியுடனும் அழைப்பு வரும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். பொறுப்பு அலுவலகத்தின் பெயரும் அமைப்பும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த அழைப்பில் உள்ள பெயரையே பயன்படுத்துங்கள்.

தரைவழிக் கட்டமைப்போடு துணைக்கோளத்தை இணைப்பது, அடுத்த தலைமுறைக் கைப்பேசிக் கட்டமைப்பு போன்றவை என்றால், சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட எதிர்காலத் தகவல்தொடர்பு ஆய்வுத் திட்டத்தைப் பாருங்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சேர்ந்து நடத்தும் அது, 2021-ல் சுமார் 70 மில்லியன் வெள்ளியில் அறிவிக்கப்பட்டது.

இளம் நிறுவனத்துக்கு எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் ஸ்டார்ட்அப் எஸ்ஜி டெக் பொருந்தும். கருத்தை நிரூபிப்பது ஒரு கட்டம், பயன்மதிப்பை நிரூபிப்பது அடுத்த கட்டம். நிறுவனம் பதிவாகி ஐந்தாண்டு நிறையாதிருக்க வேண்டும். பங்கில் குறைந்தது 30 விழுக்காடு சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி கையில் இருக்க வேண்டும். ஓரளவு வளர்ந்த நிறுவனத்துக்கு நிறுவன மேம்பாட்டு மானியம். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குத் தகுதிபெறும் செலவில் பொதுவாக 50 விழுக்காடு வரை என்பது அதில் 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விதி. கப்பலில்தான் உங்கள் கருவி போகப்போகிறது என்றால் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் மின்ட் எனும் கடல்துறைப் புத்தாக்க, தொழில்நுட்ப நிதியையும் விசாரியுங்கள்.

பலரும் மறந்துவிடுவது வரிச்சலுகை. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த நிறுவனப் புத்தாக்கத் திட்டத்தின்படி, சிங்கப்பூரில் செய்யும் தகுதிபெற்ற ஆய்வுக்கு, 2024 முதல் 2028 வரையான வரி மதிப்பீட்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு முதல் 400,000 வெள்ளிச் செலவுக்கு 400 விழுக்காட்டுக் கழிவு உண்டு. லாபம் இன்னும் வராத நிறுவனம் 100,000 வெள்ளி வரையான செலவில் 20 விழுக்காட்டை, அதாவது 20,000 வெள்ளி வரை, ரொக்கமாக மாற்றிக்கொள்ளலாம். மானியம் ஏற்றுக்கொண்ட அதே செலவை இங்கேயும் காட்ட முடியாது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: யாருடைய பெயரில்

தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் விதிகளைப் பின்பற்றும் நிதிகளில், முதன்மை ஆய்வாளர் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் முதன்மைப் பணியில் இருக்க வேண்டும். ஆய்வும் சிங்கப்பூரில் நடக்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நண்பரின் ஆய்வுக்கூடத்தில் பாதி வேலையை முடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள்.

சிறு நிறுவனம் என்றால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரோடு சேர்வதே பெரும்பாலும் நல்ல வழி. ஆனால் கடைசி வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பி ‘பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறோம்’ என்று கேட்காதீர்கள். அவருடைய பல்கலைக்கழக ஆய்வு அலுவலகம் தன் ஒப்புதலுக்குத் தனியாக நாள் வைத்திருக்கும். அது நிதி அழைப்பின் கடைசித் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். குறைந்தது மூன்று மாதம் முன்னால் பேசத் தொடங்குங்கள். ஆய்வில் பிறக்கும் அறிவுசார் சொத்து யாருக்கு என்பதை அப்போதே பேசுங்கள். பணம் வந்த பிறகு ஆய்வுக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்து, அந்தக் கேள்வியில் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

நான்காம் படி: மழை

இதில் சற்று நின்று பேச வேண்டும். விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தொடர்பு இணைப்பின் வரவுசெலவுக் கணக்கை ஒரு பக்கத்தில் போடுங்கள். அனுப்பும் சக்தி, ஆன்டெனாக்களின் ஈட்டம் (அலையை ஒரே திசையில் குவிக்கும் திறன்), வெளியில் ஏற்படும் இழப்பு, ஏற்பியின் இரைச்சல், கடைசியில் கையில் மிஞ்சும் உபரி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோளத்திலிருந்து 20 கிகாஹெர்ட்ஸ் அலை தரைக்கு வரும்போது, தூரத்தால் மட்டும் ஏறத்தாழ 210 டெசிபல் (சக்தியின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு) இழக்கிறது. இதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். மழை வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது.

மணிக்கு 120 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் கனமழையை எடுத்துக்கொள்ளுங்கள். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.838 பரிந்துரையில் உள்ள சூத்திரத்தைப் போட்டால், 20 கிகாஹெர்ட்ஸில் மழைக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 முதல் 14 டெசிபல் வரை போகிறது. 10 டெசிபல் என்றால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. அதே மழையில் 12 கிகாஹெர்ட்ஸில் 5 முதல் 7 டெசிபல். 1.5 கிகாஹெர்ட்ஸிலோ பொருட்படுத்தத் தேவையில்லை. சரி, கீழ் அலைவரிசைக்கே போய்விடலாமே என்றால் அங்கே அகலம் போதாது, வேகம் கிடைக்காது. ஏன் இந்த அலைவரிசை, ஏன் மற்றொன்று இல்லை என்று விண்ணப்பம் வாதாட வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து, எத்தனை நேரம் இணைப்பு நிற்கும் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள்? ஆண்டில் 99.9 விழுக்காடு என்றால், ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம் இணைப்பு இல்லாமல் போகலாம். 99.99 என்றால் 53 நிமிடம்தான். காகிதத்தில் ஓர் ஒன்பதைக் கூட்டுவது எளிது. அந்த ஓர் ஒன்பதுக்கு ஆன்டெனாவின் அளவும் விலையும் எங்கே போய் நிற்கும் என்பதையும் எழுதுங்கள். கப்பல் மாலுமிக்கு எந்த எண் போதும் என்று அவரிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

என் அக்கா மகனிடம் அன்று சொன்னது இது: மழைமானி ஒன்றும், துணைக்கோளம் ஓயாமல் அனுப்பும் அடையாள சமிக்ஞையைப் பதிவு செய்யும் சிறிய ஏற்பி ஒன்றும் வாங்கி, அனுமதி பெற்ற ஒரு கூரையில் வை. நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். இங்கே மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக டிசம்பரிலும் ஜனவரியிலும், விடாமல் கொட்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து பலத்த காற்றோடு வரும் மழை, விடியலுக்கு முன்போ காலையிலோ அடித்துவிட்டுப் போகும். மற்ற நாள்களில் பிற்பகல் இடிமழை. ஒரு மாதத் தரவை வைத்து ஆண்டுக்குக் கணக்குச் சொன்னால் அது நிற்காது. ஆனால் அந்த ஒரு மாதத் தரவுகூட, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பத்து வரைபடங்களைவிட மதிப்புள்ளது. இவர்கள் கையால் அளந்தவர்கள் என்பது அதில் தெரியும்.

மழையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற வழிகளையும் எழுதுங்கள். சமிக்ஞை பலவீனமானதும் குறியீட்டு முறையை மாற்றி, வேகத்தைக் குறைத்து, இணைப்பைக் காப்பாற்றுவது ஒரு வழி. தரை நிலையம் என்றால் தீவின் மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று வைக்கலாம். கிழக்கு மேற்காக நம் தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், கனமழையின் மையமோ சில கிலோமீட்டர்தான். ஜூரோங்கில் கொட்டும்போது சாங்கியில் வெயில் அடிப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கப்பலில் அந்த வசதி இல்லை. இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: அலைவரிசை அனுமதி

ஆய்வுக்கூடக் கூரையிலிருந்துகூட, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அலையை அனுப்பக் கூடாது. சோதனைக்கென்று தனி உரிமம் உண்டு. முன்பு நான் பங்குபெற்ற ஒரு திட்டத்தில், நிதி வந்த பிறகுதான் இதைப் பற்றி யோசித்தார்கள். கருவி தயாராகிப் பெட்டியில் கிடந்தது. நான்கு மாதம் ஓடிப்போயிற்று. இரண்டு பொறியாளர்களுக்குச் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த நான்கு மாதத்தை இன்றும் நினைத்து வருந்துகிறேன். விண்ணப்பத்தின் கால அட்டவணையிலேயே உரிமத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

சொந்தத் துணைக்கோளம் ஏவும் திட்டம் என்றால் வேலை இன்னும் நீளும். சுற்றுப்பாதையையும் அலைவரிசையையும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்திடம் ஆணையம் வழியாகப் பதிய வேண்டும். மற்ற நாடுகளோடு ஒருங்கிணைக்க வேண்டும். பதிவுக்குப் பிறகு ஏழு ஆண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் உரிமை போய்விடும். ஏவுவதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் பாகங்களில் பல, முக்கியப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஆறாம் படி: பணக் கணக்கு

ஆய்வு நிதிகளில் செலவை வழக்கமாக நான்காகப் பிரிப்பார்கள்: ஆள்பலம், சாதனங்கள், இதர செயல்பாட்டுச் செலவு, வெளிநாட்டுப் பயணம். பல்கலைக்கழகத்துக்கு நேரடிச் செலவு முழுவதும் கிடைக்கும் திட்டத்திலும், நிறுவனத்தின் பங்குக்கு 70 விழுக்காடு வரைதான் என்பது பரவலான வரம்பு. மீதி உங்கள் கையிலிருந்து வர வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று வங்கிக் கணக்கைக் காட்டி நிரூபிக்க வேண்டும்.

முதல் முறை கேட்பவர்கள் அதிர்ந்துபோவது ஒரு விஷயத்தில்தான்: இந்தப் பணம் பெரும்பாலும் முன்கூட்டி வராது. நீங்கள் செலவழித்து, ரசீது காட்டி, தணிக்கை முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். மூன்று பொறியாளர்களின் சம்பளத்தையும் அளவீட்டுக் கருவியின் வாடகையையும் குறைந்தது ஆறு மாதம் தாங்கும் ரொக்கம் இருக்கிறதா என்று ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். ஒப்புதலுக்கு முன் வாங்கிய பொருளுக்குப் பணம் கேட்க முடியாது. தள்ளுபடி போய்விடும் என்று அவசரப்பட்டு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: எழுதுவது

மைல்கற்களை எண்ணால் எழுதுங்கள். ‘ஆறாம் மாதம்: ஆன்டெனா வடிவமைப்பு நிறைவு’ என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. ‘ஆறாம் மாதம்: எதிரொலியற்ற அறையில் அளந்த ஈட்டம், கணித்ததிலிருந்து ஒரு டெசிபலுக்குள்’ என்றால் சரிபார்க்கலாம். (அலைகள் சுவரில் பட்டுத் திரும்பாத சோதனை அறை அது.) அந்த எண் வராவிட்டால் என்ன செய்வீர்கள், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். தோல்வியை யோசித்துப் பார்த்தவரிடம் பணத்தைக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

பயனாளரின் ஆதரவுக் கடிதம் ஒன்றாவது வேண்டும். ‘இந்த முயற்சி பாராட்டுக்குரியது’ என்று எழுதிய கடிதத்தால் பயனில்லை. ‘எங்கள் இரண்டு படகுகளை மூன்று மாதம் சோதனைக்குத் தருகிறோம்’ என்று எழுதிய அரைப்பக்கக் கடிதம் தங்கம்.

எட்டாம் படி: சமர்ப்பிப்பது

ஆய்வு நிதிகள் ஒருங்கிணைந்த மானிய நிர்வாகத் தளம் வழியாகவும், நிறுவன மேம்பாட்டு மானியம் வர்த்தக மானியத் தளம் வழியாகவும் போகின்றன. நிறுவனங்கள் அரசு இணையச் சேவைகளைப் பயன்படுத்த உதவும் கார்ப்பாஸ் கணக்கு வேண்டும். விண்ணப்பிக்கும் ஊழியருக்கு அந்தச் சேவைக்கான அனுமதியை நிறுவனத்தின் கார்ப்பாஸ் நிர்வாகி முன்பே கொடுத்திருக்க வேண்டும். கடைசி நாள் மாலையில் நிர்வாகி விமானத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: நேர்காணல்

அழைப்பு வந்தால், கருவியை அறிந்த பொறியாளர் பேசட்டும். நிறுவனர் தொடங்கி வைத்தால் போதும். தெரியாத கேள்விக்கு ‘அதை இன்னும் அளக்கவில்லை, இரண்டாம் காலாண்டில் அளக்கிறோம், திட்டத்தின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது’ என்று பக்கத்தைக் காட்டுங்கள்.

மறுக்கப்பட்டால் காரணம் கேட்டு எழுதுங்கள். கிடைக்கும் கருத்து இரண்டே வரியாக இருந்தாலும், அடுத்த விண்ணப்பம் அந்த இரண்டு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கிடைத்துவிட்டால், முதல் நாளிலிருந்தே திட்டத்துக்குத் தனிக் கோப்பு, தனிக் கணக்குக் குறியீடு. ஒவ்வொருவரும் எந்தத் திட்டத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்ற பதிவு வாராவாரம் கையெழுத்தாக வேண்டும். தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு செலவுப் பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றுவதற்கு முன் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.

என் அக்கா மகன் அந்த 42 பக்கத்தை 19 ஆக்கியிருக்கிறான். மூன்றாம் பக்கத்தில் இப்போது ஒரு வரைபடம் இருக்கிறது: ஒரு பிற்பகல் இடிமழையில், 3 மணி 12 நிமிடத்துக்குச் சமிக்ஞை கீழே விழுந்து, 3 மணி 49 நிமிடத்துக்கு மேலே ஏறுகிறது. கோட்டின் ஓரத்தில் மழைமானியின் எண்களைத் தன் கையாலேயே குறித்திருக்கிறான். அடுத்த அழைப்பு வரும்வரை இன்னும் சில மாதத் தரவு சேர்ந்துவிடும் என்கிறான்.